வடித்துக் கொட்டும் கஞ்சியில்தான் பாஸ்தாவின் உயிர் இருக்கிறது, தெரியுமா?

பாஸ்தா வெந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் முகந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சோறு வடித்த கஞ்சியேதான், அச்சு அசல்! கொஞ்சம் மஞ்சள் ஓடியிருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுக்கும். முக்கால்வாசி வீடுகளில் அது நேராகத் தொட்டிக்குப் போகிறது. ஐயோ, போக விடாதீர்கள்! பாலும் சீஸும் மாட்டுக் கொத்துக்கறியும் சேர்ந்த பாஸ்தா வழவழவென்று வருமா, திரிதிரியாகப் போகுமா என்று தீர்மானிப்பதே இந்த ஒரு டம்ளர் கலங்கல் தண்ணீர்தான் என்றால் நம்புவீர்களா?

இது தெரியாமல் நான் ஒரு ராத்திரிச் சாப்பாட்டையே கெடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் பெரியம்மா குடும்பம் வந்திருந்தது. நல்ல சீஸ், நல்ல கறி, எதிலும் குறை வைக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க இருந்த சட்டியில் துருவிய சீஸை மொத்தமாகக் கொட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் சீஸ் ஒரு பக்கம் ரப்பர் உருண்டையாகத் திரண்டது, எண்ணெய் ஒரு பக்கம் மிதந்தது, அடியில் தண்ணீர் தனியாக நின்றது. பிள்ளைகள் தட்டில் இருந்ததை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டதைப் பார்க்க மனசு ஆறவேயில்லை. கறியின் மேலும் குற்றமில்லை, சீஸின் மேலும் குற்றமில்லை. கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டேன், அதுதான் நடந்தது.

இந்தத் திரிந்த சீஸை இயற்பியல் விஞ்ஞானிகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் தெரியுமா? ரோம் நகரத்தில் காச்சோ எ பேப்பே என்று ஒரு பாஸ்தா உண்டு. பெக்கரீனோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், இந்த மூன்றுதான் அதன் குழம்பு. பார்க்க எளிது, செய்தால் பாதி நாள் திரிந்துவிடும். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் சீஸையும் தண்ணீரையும் மாவுச்சத்தையும் வெவ்வேறு அளவில் கலந்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கண்டுபிடித்தது என்ன தெரியுமா? மாவுச்சத்து சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் கீழே போனால், சூடு ஏறியதும் சீஸ் கட்டி தட்டிவிடுகிறது. அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பேரே ‘மொசரெல்லா நிலை’! 2 முதல் 3 சதவீதம் இருந்தால் குழம்பு அசைந்து கொடுப்பதில்லை. 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறும்போது களி மாதிரி இறுகுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 கிராம் சீஸைக் கட்டிக் காப்பதற்கு வெறும் 4 கிராம் மாவுச்சத்து போதும். ஒன்றரைத் தேக்கரண்டி சோளமாவு! அந்த ஆராய்ச்சிக்கு 2025-ல் இக் நோபல் விருது கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற விருது அது.

அப்படி என்னதான் செய்கிறது இந்தக் கஞ்சி? சீஸில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. சூடு 65 டிகிரியைத் தாண்டி ஏற ஏற அந்தப் புரத இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சுருண்டுகொள்ளும்; கொழுப்பைக் கக்கிவிடும். வெந்து விரிந்த மாவுச்சத்து இடையில் புகுந்துவிட்டால் அந்த இழைகளால் ஒட்ட முடிவதில்லை. கூட்டத்தில் சண்டைக்கு நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே போய் நிற்கும் பெரியவரைப் போல! வேட்டியை விறைப்பாக நிறுத்துகிற அதே கஞ்சி, சட்டிக்குள் சீஸையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

சரி, கஞ்சி தரும் பாஸ்தா எங்கிருந்து வந்தது? மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295-ல். அதற்கு 141 வருடம் முன்னாலேயே, 1154-ல், அல் இத்ரீசி என்ற அரபு நிலவியல் அறிஞர் சிசிலித் தீவில் பலெர்மோவுக்குப் பக்கத்திலுள்ள திராபியா என்ற ஊரைப் பற்றி எழுதி வைத்துவிட்டார். அங்கே ‘இத்ரியா’ என்ற மாவு இழைகளைச் செய்து, கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பினார்களாம். கப்பலில் போகிற அளவுக்குக் காய்ந்த பாஸ்தா, 12-ம் நூற்றாண்டிலேயே!

அந்தப் பாஸ்தா எதில் ஆனது? துரம் கோதுமை. துரம் என்றால் லத்தீனில் ‘கடினம்’. அரைத்தால் மைதா மாதிரி நைஸாகாது, ரவையாக உடையும். நம் உப்புமா ரவையின் நெருங்கிய சொந்தம் அது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவைத் துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தாவின் மேலே ஒரு சொரசொரப்பு இருக்கும். கையில் எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள், மாவு மாதிரி உதிரும். குழம்பு ஒட்டுவதும் அந்தச் சொரசொரப்பில்தான், கஞ்சி கெட்டியாக இறங்குவதும் அதிலிருந்துதான். வழவழவென்று பளபளக்கிற பாஸ்தாவைக் கடையில் பார்த்தால் நான் எடுப்பதில்லை.

உப்பு விஷயத்தில் ஒரு தவறு ஊரெங்கும் உலவுகிறது. பாஸ்தாத் தண்ணீர் ‘கடல் மாதிரி’ கரிக்க வேண்டும் என்பார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு! வாயில் வைக்க முடியாது. லிட்டருக்கு 10 கிராம் தாராளம். கஞ்சியைக் குழம்பில் ஊற்றப்போகிறோம், சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். தண்ணீரில் எண்ணெய் ஊற்றவே வேண்டாம். அது மேலே மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, குழம்பை வழுக்கிவிட்டுவிடும்.

இப்போது கறிக்கு வாருங்கள், அதிசயமே இங்கேதான் ஆரம்பம்! கொத்துக்கறியை வாணலியில் போட்டதும் சாம்பல் நிறமாகித் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்து, கடைசிவரை வாசனையே வராமல் போகும் அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கிறது? காரணம் ஒரே ஒரு எண்: 100. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பொன்முறுவலாகச் சிவக்கும் மாற்றமோ 140 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வேகம் பிடிக்கிறது. 1912-ல் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு மருத்துவர் அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினார். கலவை பழுப்பாக மாறியது. புரதம் எப்படி உருவாகிறது என்று தேடிப்போனவர் அவர். தோசையின் ஓரம், வறுத்த காப்பிக்கொட்டை, ரொட்டியின் மேல்தோல், கருகாமல் சிவந்த கறி என்று அத்தனையிலும் வாசனைக்குக் காரணமான மாற்றம் இன்றைக்கு அவர் பேரில்தான் இருக்கிறது!

அதனால் 500 கிராம் கொத்துக்கறியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, காகிதத்தில் ஒற்றி, அகலமான வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு அடை தட்டுவதுபோலப் பரப்பி விடுங்கள். கரண்டியைக் கீழே வையுங்கள்! நாலு நிமிடம் கிளறவே கூடாது. முதலில் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும்; பிறகு தண்ணீர் கொதிக்கிற களகள ஓசை; அதுவும் அடங்கி, பொரிகிற சடசடப்புக்கு மாறும். அந்தச் சத்தம் மாறுகிற நொடியில்தான் 100 டிகிரிச் சுவர் உடைகிறது. காதாலேயே வெப்பநிலையைப் படிக்கலாம்! அப்போது திருப்பிப் போட்டு உடைத்துவிட்டு, பிறகு உப்புப் போடுங்கள். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கொட்டிவிடாதீர்கள், அது மயார் தந்த சொத்து. ஒரு கை வெங்காயம் போட்டால் அதன் ஈரத்திலேயே கரைந்து மேலே வந்துவிடும்.

மாட்டுக்கறியும் சீஸும் ஏன் இப்படிப் பொருந்துகின்றன என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். 1908-ல் கிகுனே இகேடா என்ற தோக்கியோ பேராசிரியர், கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றில் உள்ள ருசி இனிப்பும் அல்ல, புளிப்பும் அல்ல, உப்பும் அல்ல, கசப்பும் அல்ல என்று உணர்ந்து அதைப் பிரித்தெடுத்தார். குளுட்டமேட்! அந்த ருசிக்கு உமாமி என்று பேர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொடாமா, காய்ந்த மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டார். பின்னால் அகிரா குனினாகா காட்டியதுதான் மூச்சை நிறுத்துகிற விஷயம். இந்த இரண்டும் நாக்கில் சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது! முதிர்ந்த பார்மேசான் சீஸில் குளுட்டமேட் கொட்டிக் கிடக்கிறது. பழுத்த தக்காளியிலும் உண்டு. மாட்டுக்கறியில் இனோசினேட். வேதியியல் கூடத்துக்கே போகாத இத்தாலியப் பாட்டிகள் கறிக்குழம்பின் மேல் சீஸைத் துருவிய ஒவ்வொரு முறையும் இந்தப் பெருக்கலைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டிகளின் ஊர் போலோன்யா. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கறிக்குழம்பை, ராகு என்பார்கள், எவ்வளவு கண்ணுங்கருத்துமாகக் காக்கிறார்கள் தெரியுமா? 1982 அக்டோபர் 17-ந் தேதி இத்தாலியச் சமையல் கழகம் அதன் செய்முறையை ஊர் வணிகக் கழகத்தில் பதிவே செய்துவிட்டது! மாட்டுக்கறி, உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி, கேரட், செலரி, வெங்காயம், கொஞ்சம் தக்காளி, ஒயின். அப்புறம் பலரும் எதிர்பார்க்காத ஒன்று: ஒரு டம்ளர் கொழுப்பெடுக்காத பால்! பூண்டு கிடையவே கிடையாது. கறியில் பால் ஊற்றுவது அமெரிக்காக்காரர்களின் புதுப் பழக்கம் என்று நினைத்திருந்த எனக்கு இதைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. தக்காளியின் புளிப்பை மட்டுப்படுத்திக் கறியை மென்மையாக்கத்தான் அந்தப் பால்.

அதே ஊரில் அதே வணிகக் கழகத்தில் 1972-ல் தங்கத்தாலான ஒரு தாலியதெல்லே பாஸ்தா இழையையும் வைத்திருக்கிறார்கள். வெந்த பிறகு தாலியதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஏன் 8? ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு! கோபுரத்தை வைத்துப் பாஸ்தாவை அளந்த ஊர் வேறெங்காவது உண்டா?

பாலைப் பற்றிச் சொன்னேன், ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தக்காளி நிறைய இருக்கிற குழம்பில் வெறும் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரியும். எலுமிச்சை பிழிந்து பனீர் செய்கிறோமே, அதே கதை. கிரீம் ஏன் திரிவதில்லை? அதில் கொழுப்பு அதிகம், திரிகிற கேசீன் குறைவு. பாலே ஊற்ற வேண்டுமென்றால் கஞ்சி இறங்கிய பிறகு ஊற்றுங்கள். அங்கேயும் நடுவில் நின்று காப்பாற்றுவது அதுதான். பனீர் என்றதும் இன்னொரு வியப்பு: பனீரை எவ்வளவு சூடாக்கினாலும் உருகுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சீஸ் புரதங்களை ஒட்டவைத்து, சூட்டில் நெகிழ்ந்து கொடுப்பது கால்சியம். புளிப்பில் உறைந்த பனீரில் அந்தக் கால்சியம் கரைந்து வெளியேறிவிடுகிறது. அதனால் இந்தப் பாஸ்தாவில் சீஸுக்குப் பதில் பனீரைப் போட்டுவிட்டு உருகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

சீஸுக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! 1666-ல் லண்டன் பற்றி எரிந்தபோது, நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் தோட்டத்தில் குழி தோண்டி எதைப் புதைத்தார் தெரியுமா? ஒயினையும் பார்மேசான் சீஸையும்! அவ்வளவு மதிப்பு. இன்றைக்கும் ஒரே ஒரு பார்மேசான், அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோ, சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் தேவை. எடை 40 கிலோ அளவு. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அதுவரை பால்பண்ணைக்காரர் பணத்துக்கு என்ன செய்வார்? எமிலியா வட்டாரத்தில் கிரெடெம் என்ற வங்கி 1953 முதல் சீஸ் சக்கரங்களையே அடமானமாக வாங்கிக் கடன் கொடுக்கிறது. வங்கியின் கிடங்கில் கூரைவரை அடுக்கடுக்காகச் சீஸ் முதிர்ந்துகொண்டிருக்கும். நம் ஊரில் நகை, அங்கே சீஸ்! முதிர்ந்த துண்டைக் கடித்தால் நறநறவென்று வெள்ளைப் பொட்டுகள் தட்டுப்படும். உப்புக்கல் என்று நினைத்துத் துப்பாதீர்கள், அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம். சீஸ் நன்றாக முதிர்ந்ததற்கு அடையாளம்.

முதிர்ந்த சீஸ் ருசிக்கு, இளம் சீஸ் உருகுவதற்கு. அதனால் நான் 100 கிராம் இளம் செடாரும் 50 கிராம் பார்மேசானும் எடுப்பேன். இன்னும் பயமாக இருந்தால் ஒரே ஒரு துண்டு பதப்படுத்திய சீஸ், குழந்தைகளின் ரொட்டிக்கு வாங்குவது, அதைச் சேர்த்துவிடுங்கள். மட்டமான சரக்கு என்று முகம் சுளிக்காதீர்கள்! 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும், வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் தேடிக் கண்டதன் வாரிசு அது. சோடியம் சிட்ரேட் என்ற உப்பு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அந்தச் சீஸ் திரியாது. ஒரு துண்டு போட்டால் பக்கத்திலுள்ள சீஸும் திரியாமல் நிற்கிறது.

கிரீம் இல்லாமலே கிரீமி பாஸ்தா உண்டு என்பது தெரியுமா? ரோம் நகரில் 1908-ல் ஆல்ஃபிரேதோ தி லேலியோ, பிள்ளை பெற்றுச் சோர்ந்திருந்த மனைவிக்குத் தெம்பு வரட்டுமென்று வெண்ணெயையும் பார்மேசானையும் போட்டுப் பிரட்டிக் கொடுத்ததுதான் உலகம் முழுக்க ஓடுகிற ஃபெட்டுசீனி ஆல்ஃபிரேதோ. ஒரு சொட்டுக் கிரீம் கிடையாது; வெண்ணெய், சீஸ், கஞ்சி. பத்தியச் சாப்பாடு ஒன்று இப்படி ஊர் உலகமெல்லாம் போய்விட்டது!

அமெரிக்காவின் சீஸ் மக்ரோனிக் கதையில் ஒரு பேரை நாம் மறக்கவே கூடாது: ஜேம்ஸ் ஹெமிங்ஸ். தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக 1784-ல் பாரிசுக்குப் போய், பிரெஞ்சுச் சமையலை முறையாகக் கற்றவர். ஜெஃபர்சன் குடியரசுத் தலைவரான பிறகு 1802-ல் விருந்தில் மக்ரோனி பரிமாறினார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அந்த வீட்டு அடுப்படிக்குப் பிரெஞ்சுக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தவர் ஹெமிங்ஸ். தன் தம்பி பீட்டருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால்தான் விடுதலை என்பது அவருக்கு விதித்த நிபந்தனை. கற்றுக்கொடுத்தார், 1796-ல் விடுதலை பெற்றார். சீஸ் மக்ரோனியைப் பற்றிப் பேசும்போது விருந்து வைத்தவர் பேரை மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

பிறகு 1937-ல், பொருளாதார மந்த காலத்தில், கிராஃப்ட் நிறுவனம் நாலு பேர் சாப்பிட 19 சென்ட் என்று மக்ரோனி, சீஸ் பெட்டியை விற்றது. 1971-ல் அமெரிக்காவெங்கும் வந்தது ஹாம்பர்கர் ஹெல்ப்பர் என்ற பாஸ்தாப் பெட்டி. கறி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். 1973-ல் இல்லத்தரசிகள் கறி வாங்க மாட்டோம் என்று நாடு முழுக்கப் புறக்கணிப்பே நடத்தினார்கள். ஒரு பவுண்டு கொத்துக்கறியில் குடும்பம் முழுக்கச் சாப்பிட வழி தேவைப்பட்டது. காய்ந்த பாஸ்தா, மசாலாப் பொடி, எல்லாம் ஒரே வாணலியில். அந்த ஒரே வாணலியில்தான் சூட்சுமம் இருக்கிறது! பாஸ்தா தனியாக வெந்து வடியவில்லை. கறிச் சாற்றிலேயே வெந்தது. வடிக்காவிட்டால் கஞ்சி எங்கே போகும்? சட்டியிலேயேதான் நிற்கும்!

நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சிவந்த கறி, வெங்காயம், இரண்டு பல் பூண்டு (போலோன்யாக்காரர்கள் மன்னிக்கட்டும், இது எங்கள் வீட்டுச் சட்டி), ஒரு கரண்டி தக்காளி விழுது, மிளகு. 300 கிராம் பென்னே பாஸ்தாவை மேலே போட்டு, அரை லிட்டர் வெந்நீர் ஊற்றி மூடிவிடுவேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளற வேண்டும், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். வற்றினால் ஒரு கரண்டி வெந்நீர். எட்டாவது நிமிடம் மூடியைத் திறந்தால் தண்ணீர் இருந்த இடத்தில் கொழகொழவென்று பழுப்புச் சாறு. கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்கும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் பால், சின்னத் தீயில் இன்னும் மூன்று நிமிடம். பிறகு அடுப்பை அணைத்தே விடுவேன். அறுபது எண்ணும்வரை பொறுப்பேன். கொதி அடங்கிய சட்டியில், வீட்டிலேயே துருவிய சீஸை ஒரு கை, கிளறல், இன்னொரு கை, கிளறல். கடைகளில் துருவி வருகிற சீஸில் ஒட்டாமலிருக்கப் பொடி தூவியிருப்பார்கள், அதை வாங்க மாட்டேன். மூன்றாவது கை சீஸ் உள்ளே போகும்போது மங்கலாக இருந்த சாறு சட்டென்று பளபளக்கும், பென்னேக் குழாய்களுக்குள் வழிந்து ஏறும். அந்த நொடியைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடாமல் இருக்க என்னால் முடிவதேயில்லை.

உடனே பரிமாறுங்கள், நின்றால் இறுகும். மறுநாள் மிச்சம் இருந்தால் ஒரு கரண்டி பால் தெளித்துச் சின்னத் தீயில் கிளறினால் மறுபடி இளகிவிடும்.

தட்டில் மிச்சமிருக்கும் குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவதற்கு இத்தாலியில் தனி வார்த்தையே இருக்கிறது தெரியுமா? ‘ஸ்கார்பெத்தா’. சின்னச் செருப்பு என்று அர்த்தம்! நேற்று எங்கள் வீட்டில் ரொட்டி தீர்ந்துபோயிருந்தது. சின்னவள் காலையில் சுட்ட சப்பாத்தியில் பாதியைக் கிழித்து, நேராகச் சட்டியையே துடைக்க ஆரம்பித்தாள். மீதிப் பாதியைப் பெரியவன் பிடுங்கிக்கொண்டான்.